இரண்டாம் தீவில் வைத்த பூ

சிவமயம்

அம்பாசமுத்திரம்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

ஏலே குண்டு,

நலமா இருக்கியான்னு கேட்டுத்தான் கடிதம் ஆரம்பிக்கணும்னு அஞ்சாங்கிளாஸ் டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்க. நீ நாகர்கோவில் ஆஸ்டல்ல இருந்து படிச்சப்போ அப்படித்தான் எழுதுவேன். இப்போ அந்த வரி எழுத வரல. இங்கே நானும் அப்பாவும் இருக்கோம். அக்கா போர்ட் பிளேர்ல இருக்கா. அவ்வளவுதான்.

நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். கோயில்ல போய்ச் சொல்லி அழலாம்னா, சாவு விழுந்த துட்டி வீடு, வருஷம் திரும்பாம கோயிலுக்குப் போகக்கூடாது. ஆத்துல போய்ச் சொல்லலாம்னா படித்துறை பூரா தெரிஞ்ச பொம்பளைங்க. உன்னை வச்சுப் பண்ணின காரியம், அதனால உன்கிட்டேயே சொல்லுதேன். அப்பா மண்டிக்குப் போயிருக்காரு. அவருக்கு எல்லாம் தெரியும், நேத்துத்தான் தெரிஞ்சுது.

புரட்டாசியில நாங்குநேரி ரோட்டுல அடிபட்டு நீ போனதுல இருந்து வீட்டுல எதுவும் வைக்கல. தீபாவளி இல்ல, தைப்பொங்கலுக்குப் பானை வைக்கல. அதெல்லாம் எனக்குப் பெரிசா இல்ல. மனுஷங்க முகம்தான் தாங்க முடியல. என்னைக் கண்டதும் எல்லாரும் முகத்தை மாத்திக்கிடுதாங்க. சிரிச்சுப் பேசிக்கிட்டு நிக்க பொம்பளைங்க நான் பக்கத்துல வந்தா அப்படியே வாயை மூடிக்கிடுதாங்க. காய்கறிக் கடைக்காரர் ரெண்டு கத்தரிக்காய் கூடப் போட்டுட்டு தலையைக் குனிஞ்சுக்கிடுதாரு. துட்டி கேக்க யாரும் வீட்டுக்கு வர வேண்டாம் போல, நானே தெருத்தெருவா நடந்து போற துட்டி வீடு மாதிரி ஆயிட்டேன்.

அதைப் பாத்துத்தான் விஜி அக்கா, அம்மா நீ இங்கன வந்து கொஞ்ச நாள் இருன்னு கூப்பிட்டா. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். அப்பா, நீ போயிட்டு வாட்டி, ரெண்டு பேரும் ஒரே சுவரைப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டாம்னாரு. மருமகன் லீவு போட்டு வந்து சென்னையில இருந்து ஏரோப்பிளேன்ல கூட்டிட்டுப் போனாரு. கீழ கடலு நீலத்துல விரிச்சுப் போட்ட சேலை மாதிரி கெடந்துச்சு. நான் ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிட்டு, இந்த சீட்டுல நீல்லா இருக்கணும்னு நெனச்சேன்.

அங்க போயும் நான் சுவரைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா வம்பா என்னை எழுப்பி, ரெண்டு தீவு இருக்கும்மா, ஒரே போட்டுல ரெண்டையும் காட்டிட்டு சாயங்காலம் கொண்டுவந்து விட்டுருவாங்க, வான்னு இழுத்துட்டுப் போனா. மருமகனுக்கு அன்னைக்கு டூட்டி. ஆரஞ்சு கலர்ல ஒரு சட்டையை மாட்டிவிட்டாங்க, முங்கினா மிதக்கணுமாம். அக்காளுக்கு முன்னால சீட்டு, எனக்குப் பின்னால. சுத்தி எல்லாம் இந்தி பேசுத ஆளுங்க.

போட்டு கிளம்பி ஒரு அலை வந்து மேல அடிச்சுது பாரு, பக்கத்துல இருந்த பொம்பளை, ஏ யம்மா, சவத்து மூதிக் கடலு சேலையெல்லாம் நனைச்சிட்டேன்னு கத்துனா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. கடல் நடுவுல நம்ம ஊர் வசவு. அவளும் என்னைப் பாத்துச் சிரிச்சா. எந்த ஊருன்னா. அம்பைன்னேன். அடியாத்தி, நான் வீரவநல்லூர்லா, அண்ணன் இன்னும் அங்கனதான் இருக்காரு, நாங்க பொழைக்கப் போனது கோயம்புத்தூர்னு சொல்லி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. பேரு ஆவுடையம்மாள். நம்ம ஆளுங்கதான், பேச்சுலேயே தெரிஞ்சுது. அவளுக்கு அந்தப் பக்கம் அவ மக இருந்தா, உலகேஸ்வரின்னு பேரு, உலகுன்னு கூப்பிடுதாங்க.

பிள்ளைங்க எத்தனை மதினின்னு கேட்டா. ரெண்டுன்னேன். அது பொய் இல்லைலா? மூத்தவ அந்தா முன்னால இருக்கான்னு அக்காளைக் காட்டினேன். இளையவன்னு கேட்டா. பையன்னேன். என்ன பண்ணுதாரு தம்பின்னா.

அப்போ சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துட்டு. ஆனா அவ முகத்தைப் பாத்தேன். மூக்குத்தியில தண்ணி சொட்டிக்கிட்டு, சிரிச்சபடி, சும்மா ஊர்க்காரி கிட்டக் கேக்க மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தா. நான் சொன்ன உடனே அந்த முகமும் மாறிரும். ஒரு முகமாவது மாறாம இருக்கட்டுமேன்னு இருந்துச்சு. வள்ளியூர் பக்கம் கரண்டு எடுக்க காத்தாடிக் கம்பெனியில வேலை, டவர்ல ஏறி ரிப்பேர் பாப்பான்னு சொல்லிட்டேன்.

சொன்ன உடனே அவ முகத்துல இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வந்துச்சு பாரு. எனக்குப் பயத்துக்குப் பதிலா சந்தோஷமா இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் வெக்கமா இருக்கு.

முதல் தீவுல இறங்கினோம். ராஸ் தீவுன்னாங்க. வெள்ளைக்காரன் கட்டின வீடெல்லாம் இடிஞ்சு, சுவர் மேல மரத்து வேர் பின்னிக் கெடக்கு. மானெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி கிட்ட வந்து கையை நக்குது. ஆவுடையம்மாளும் அக்காளும் பேட்டரி கார்ல மேல சுத்திப் பாக்கப் போனாங்க. எனக்கு மூச்சு வாங்குதுன்னு ஒரு மரத்தடியில உக்காந்தேன். அந்தப் பிள்ளையும் நான் அத்தை கூட இருக்கேன்னு இருந்துக்கிட்டா. அவ வலது காலைக் கொஞ்சம் தாங்கித்தான் நடப்பா. சின்ன வயசுல மாடியில இருந்து விழுந்ததுன்னு அவளே சொன்னா. கண்ணாஸ்பத்திரியில பவர் பாத்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்க வேலை. மாநிறம். பேச்சுல ஒரு குறும்பு இருந்துச்சு. இந்த மான் எனக்குக் கல்யாணம் பேச வந்த ஆளுங்க மாதிரியே இருக்கு அத்தை, வருது, கையில இருக்கதைத் தின்னுது, நடந்து காட்டினா ஓடிருதுன்னா. நான் சிரிச்சுட்டு, பொறவு பாவமாப் போச்சு.

அவளாத்தான் உன்னைப் பத்திக் கேட்டா. அவ்வளவு உயரத்துல ஏறுதவங்களுக்குப் பயமே இருக்காதான்னு கேட்டா. நான் சொன்னேன். உயரத்துக்குப் பயப்பட மாட்டான், தண்ணியைக் கண்டா பயம், ஆத்தங்கரையில பொறந்தும் படித்துறையில உக்காந்து செம்புல மோந்துதான் குளிப்பான்னேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. தாமிரபரணிக்காரருக்கு நீச்சல் தெரியாதா, வெளியே சொல்லாதீங்க அத்தை, ஊருக்கே கேவலம்னா. நீ தயிர்சோத்துல சீனி போட்டுச் சாப்பிடுதது, அப்பா சட்டையைச் சொல்லாம எடுத்துப் போட்டுக்கிடுதது, மழை வந்தா டவர் மேல இருந்து மேகத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புதது எல்லாம் சொன்னேன். நாலு மாசமா யாரும் உன்னைப் பத்திக் கேக்கலைல. கேட்டா நான் அழுதுருவேன்னு எல்லாருக்கும் பயம். வீட்டுல உன் பேரையே யாரும் எடுக்கது இல்ல. அந்தப் பிள்ளை கேக்கக் கேக்க எனக்கு வாய் ஓயல. அன்னைக்கு நான் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை கூட கூட்டிச் சொல்லல. நீ உயிரோட இருக்கேங்கிறது ஒண்ணுதான் பொய்.

திரும்ப போட்டுல ஏறினதும் ஆவுடையம்மாள் பக்கத்துல வந்து இடிச்சுக்கிட்டு உக்காந்தா. மக சிரிச்சதை அவ தூரத்துல இருந்தே பாத்திருக்கா. தம்பிக்கு எந்த நட்சத்திரம் மதினின்னு பைய கேட்டா. அப்போவும் நான் சொல்லியிருக்கணும். ஆனா நட்சத்திரம்னு ஒருத்தி கேட்டா பெத்தவ வாய் தானா சொல்லிரும்லா. அனுஷம், விருச்சிக ராசின்னு சொல்லிட்டேன். அவ விரலை மடக்கி மடக்கி எண்ணினா. எங்க பிள்ளைக்கு ரேவதி, ரஜ்ஜு தட்டலை மதினின்னா. அந்த ரஜ்ஜுதான் புருஷன் ஆயுசுக்குப் பாக்கது. அதைக் கேட்டுக்கிட்டு நான் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தேன். பேரு என்னன்னா. ஐயம்பெருமாள், எங்க மாமனார் பேருன்னேன். அடேயப்பா, கூப்பிட்டு முடிக்கதுக்குள்ள பஸ்சு போயிருமேன்னா. போட்டுல இருந்த இந்திக்காரங்க எல்லாம் திரும்பிப் பாக்க அளவுக்கு ரெண்டு பேரும் சிரிச்சோம். இடையில முன் சீட்டுல இருந்து அக்கா திரும்பி என்னைப் பாத்தா. அம்மா சிரிக்கான்னு அவளுக்கும் முகம் மலர்ந்துச்சு. பாவம், எதுக்குச் சிரிக்கேன்னு அவளுக்குத் தெரியாது.

ரெண்டாவது தீவுல மணல் வெள்ளையா, தண்ணி அடி வரைக்கும் தெரியுது. பவளப்பாறை பாக்க கண்ணாடி வச்ச போட்டுல எல்லாரும் போனாங்க. நாங்க நாலு பேரும் தென்னமரத்தடியில உக்காந்தோம். அங்க வச்சு ஆவுடையம்மாள் அக்காகிட்டத் திரும்பி, ஏம்மா உன் தம்பிக்கு எங்கயும் பேசி வச்சிருக்கான்னு நேராக் கேட்டுட்டா. அக்கா என் முகத்தைப் பாத்தா. நான் என்ன முகம் வச்சிருந்தேனோ தெரியல. இல்ல அத்தை, இன்னும் பேசலன்னு சொல்லிட்டு, எந்திரிச்சுத் தண்ணிப்பக்கம் போயிட்டா. அவளையும் பொய் சொல்ல வச்சேன். முதுகைக் காட்டிக்கிட்டு முழங்கால் அளவு தண்ணியில நின்னா. திரும்பவே இல்ல.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. காலையில போர்ட் பிளேர்ல உள்ள முருகன் கோயில்ல வாங்கின பிச்சிப்பூவை ஆவுடையம்மாள் ஈரத்துணியில சுத்திப் பையில வச்சிருந்தா. ஒரு முழத்தை எடுத்து, இந்தாங்க மதினி, சுமங்கலி வெறுந்தலையா இருக்கலாமான்னு என் கையில கொடுத்தா. நீ போனதுல இருந்து நான் பூ வைக்கல. வாங்க மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பா. கையில வாங்கிட்டேன். வாங்கின பூவை என்ன செய்யன்னு தெரியல. உலகு எனக்கு முன்னால உக்காந்து மணல்ல கிளிஞ்சல் பொறுக்கிக்கிட்டு இருந்தா. தலை குளிச்சுப் பின்னி, பூ இல்லாம இருந்தா. நான் பூவைத் துண்டு பண்ணாம முழுசா அவ தலையில வச்சிட்டேன்.

பையனைப் பெத்தவ பொண்ணு தலையில பூ வச்சா நம்ம பக்கத்துல என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரியாம வைக்கல. கை தானா போச்சுன்னு சொன்னா அதுவும் பொய். இந்தப் பூ வைக்க நாளுக்காக எத்தனை வருஷமா மனசுல சேலை எடுத்து, தாம்பாளம் வச்சு, யார் யாரைக் கூப்பிடணும்னு நெனச்சு வச்சிருந்தேன். ஒரு தடவை வச்சுப் பாத்துட்டேன் குண்டு. ஊசி குத்தாம இருக்க அவ தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக் கொடுத்தா. ஆவுடையம்மாளுக்குக் கண்ணு கலங்கிட்டு. கேக்காமலே பூ வச்சிட்டீங்களே சம்மந்தின்னா. அதுல இருந்து மதினி போச்சு, சம்மந்தி ஆயிட்டேன். தம்பி போட்டோ இருக்கான்னு கேட்டா. போன்ல இருந்த உன் போட்டோவைக் காட்டினேன், காத்தாடி அடியில மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு நிப்பியே அது. அவ மககிட்டக் கொடுத்தா. அந்தப் பிள்ளை வெக்கப்பட்டுக்கிட்டு, ரொம்ப நேரம் பாத்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் அக்கா காய் நறுக்கிக்கிட்டே அழுதா. உனக்கு வெக்கமா இல்லையாம்மா, அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு, நாளைக்கே போன் போட்டுச் சொல்லிருன்னா. சரின்னேன். மறுநாள் சொல்லல. அதுக்கு மறுநாளும் சொல்லல. அம்பைக்குத் திரும்பி வந்த பிறகு ஆவுடையம்மாளே அடிக்கடி போன் போட ஆரம்பிச்சா. அப்பா காதுல விழாம இருக்க நான் தெருவுக்குப் போய்ப் பேசுவேன். எதிர்வீட்டுக்காரி என்னைப் பாத்து, கோமு அக்கா கொஞ்சம் தேறி வந்துட்டாங்கன்னு சொன்னாளாம். போன்ல ஆவுடையம்மாள், என்ன குழம்பு வச்சீங்க சம்மந்தி, தம்பி வந்தாச்சா, சாப்பிட்டாச்சான்னு கேப்பா. இன்னும் டூட்டி முடியலன்னு சொல்லுவேன். ஒரு நாள் உலகு போனை வாங்கி, அவங்க நம்பர் கொடுங்க அத்தைன்னா. டவர் உச்சியில இருப்பான், போன் எடுக்க மாட்டான்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு அங்கனயே கல்லுல உக்காந்துட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆவுடையம்மாள் பேசினா. ஜோசியர் ஜாதகத்தைக் கணிச்சுப் பாத்துட்டாராம். நான் வாயால சொன்ன பொறந்த தேதியையும் நேரத்தையும் வச்சே கட்டம் போட்டிருக்காரு. பொருத்தம் அமோகம், பையனுக்கு ஆயுசு கெட்டின்னு சொன்னாராம். அதைச் சொல்லிட்டு அவ குரலைத் தாழ்த்தி, ஒரு விஷயம் சம்மந்தி, வர்றவன் எல்லாம் காலைப் பாத்துட்டுப் போறான்னு இவ இனிமே யார் முன்னாலயும் நடக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா, உங்களைப் பாத்த பொறவுதான் சரின்னிருக்கா, அந்த அத்தை என் காலைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலம்மான்னு சொன்னான்னா. ஞாயித்துக்கிழமை வீரவநல்லூர் அண்ணனையும் கூட்டிட்டு வீடு பாக்க வாரோம்னு சொல்லிட்டு வச்சிட்டா.

குண்டு, ஆயுசு கெட்டின்னு சொன்னப்போ கூட நான் சந்தோஷமாத்தான் ம் கொட்டினேன். அந்தப் பிள்ளை காலைப் பத்திச் சொன்னப்போதான் என் மேல எனக்கே அருவருப்பு வந்துச்சு. அவ காலை நான் கேக்காததுக்குக் காரணம் நல்ல மனசு இல்ல. எனக்கு உன்னைப் பத்திப் பேச ஒரு காது வேணும். அது யாரு காதா இருந்தா என்ன, அவ எப்படி நடந்தா எனக்கென்ன. அதுதான் நெசம்.

ரெண்டு நாள் சோறு இறங்கல. நேத்து அப்பா மண்டியில இருந்து வந்து கையைக் கழுவிட்டு உக்காந்ததும், ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க வாராங்கன்னு சொன்னேன். எந்தப் பொண்ணு வீடுன்னாரு. எல்லாத்தையும் சொன்னேன். தட்டுல கை வச்சபடியே இருந்தாரு. அடிச்சாக்கூட வாங்கிக்கிடலாம்னு நின்னேன். அவர் அடிக்கவும் இல்ல, ஏசவும் இல்ல. பொண்ணு உயரமான்னு கேட்டாரு.

எனக்கு முதல்ல புரியல. உயரம்தான்னேன். அவன் தோளுக்கு வருவாளான்னாரு. வருவான்னேன். கண்ணாஸ்பத்திரியில வேலைன்னா படிச்ச பிள்ளையா இருக்கும்னாரு. ஆமான்னேன். கொஞ்சம் வாயாடின்னேன். அவனுக்கு அதுதான் சரி, ரெண்டு பேரும் உம்முன்னு இருந்தா வீடு வெளங்காதுன்னாரு. சோறு காஞ்சு போச்சு. ரெண்டு பேரும் உக்காந்து அந்தப் பிள்ளையைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தோம். பொறவு அவரே திடுக்குன்னு நிறுத்திட்டு, தட்டைத் தள்ளி வச்சிட்டு, இது பெரிய பாவம்ட்டி, போனைப் போடு, நான் பக்கத்துல இருக்கேன்னாரு.

போட்டேன். ஆவுடையம்மாள் எடுத்ததும், சொல்லுங்க சம்மந்தி, ஞாயித்துக்கிழமைக்குச் சமையல் எல்லாம் வேண்டாம், காப்பி போதும்னா. நான் சொன்னேன். என் பையன் இல்ல, புரட்டாசியிலேயே செத்துட்டான்னு சொன்னேன். அந்த வார்த்தையை நான் என் வாயால சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லாருக்கும் அப்பாதான் சொன்னாரு, நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல.

அவளுக்கு முதல்ல விளங்கல. என்ன வெளையாடுதீங்களான்னா. நான் அழுததைக் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டா. பொறவு, செத்தவன் பேர்ல என் பிள்ளை தலையில பூ வச்சிட்டியே, நீயெல்லாம் பிள்ளை பெத்தவளான்னு கேட்டா. அவ கேட்டது சரிதான். வச்ச அன்னைக்கு அந்தப் பூவைச் சாமி படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிட்டாளேட்டி என் பொண்ணுன்னு சொல்லிட்டு அவளும் அழுதா. போனை அப்பா வாங்கி, தாயி மன்னிச்சிருங்கன்னு சொன்னாரு. அவர் யார்கிட்டயும் அப்படிக் கெஞ்சி நான் பாத்ததில்ல. என்னால அவருக்கு அந்த நிலை.

அப்போ அந்தப் பக்கம் தூரத்துல உலகு குரல் கேட்டுச்சு. யாரும்மா, அத்தையா, என்னவாம்னு கேட்டுக்கிட்டே கிட்ட வந்தா. காலைத் தாங்கித் தாங்கி வர்ற சத்தம் கூடக் கேட்ட மாதிரி இருந்துச்சு. அதோட போன் கட்டாயிட்டு. பொறவு வரல. நானும் போடல. போட எனக்கு மூஞ்சி இல்ல.

இப்போ அந்த வீட்டுல என்ன நடக்கும்னு நெனச்சு நெனச்சு மனசு ஆறல. அந்தப் பிள்ளை இனிமே எவன் அம்மா சிரிச்சுப் பேசினாலும் நம்பாது. என் வீட்டு இருட்டுல கொஞ்ச நேரம் விளக்கு எரியட்டும்னு அவ வீட்டு எண்ணெயை எடுத்து ஊத்திக்கிட்டேன். அக்காகிட்டச் சொன்னேன், நல்லதும்மா, இப்பவாவது சொன்னியேன்னா. அவ குரல்ல கோவம் இல்ல. கோவமா இருந்திருந்தா எனக்குத் தேவலை.

உன்னையும் நான் கேவலப்படுத்திட்டேன். நிம்மதியாப் போன பிள்ளையை இழுத்துட்டு வந்து, மாப்பிள்ளை வேஷம் போட்டு, நட்சத்திரம் சொல்லி, போட்டோ காட்டி, பொறவு ஒரு அந்நியப் பொம்பளை வாயால செத்தவன்னு பேச்சு வாங்க வச்சேன். அம்மாவை மன்னிச்சிரு. மன்னிக்க மனசு வரலைன்னா வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒண்ணு செய். நீ இருக்க இடத்துல யார்கிட்டக் கேட்டா நடக்குமோ அவங்ககிட்டக் கேளு. அவ நடக்கதைப் பாத்து ஓடாதவன் ஒருத்தன் சீக்கிரம் வரணும், அவன் நெடுநாள் இருக்கணும், அவன் அம்மா வைக்க பூ அவ தலையில நிக்கணும்.

உன் முகத்தில் முழிக்க வெட்கப்படும் அம்மா,
கோமு.

பின்குறிப்பு. கடிதத்தை மடிச்சு வச்சிட்டு மறுபடியும் பிரிச்சேன். இதைக் கேக்கக்கூடாது, இவ்வளவு பட்டும் இவளுக்குப் புத்தி வரலையேன்னு நீ நெனப்ப. அப்பாவும் இதைத்தான் கேக்க நெனச்சாரு, காலையில செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னுட்டு, கேக்காமப் போயிட்டாரு. வேற யார்கிட்டக் கேப்பேன். அந்தப் பிள்ளையை உனக்குப் பிடிச்சிருக்குமால?